முப்பது கேப்சூல் பதினைந்து நாளைக்குத்தான்: நுரையீரல் அடைப்பு நோய்க்கு மருந்து தொடங்கும் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

போன மார்கழியில் என் அம்மாவைப் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, அவர் மருந்தை ஒருநாளும் விட்டதில்லை என்று மருத்துவரிடம் அடித்துச் சொன்னேன். மருத்துவர் அம்மாவின் மருந்துப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எத்தனை கேப்சூல், மாதத்துக்கு எத்தனை பெட்டி வாங்குகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பெட்டியில் இருந்தவை கருவியில் போட்டு மூச்சோடு இழுக்கும் பொடிக் கேப்சூல்கள் முப்பது, வாங்கியது மாதத்துக்கு ஒரு பெட்டி, சீட்டில் எழுதியிருந்ததோ காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முப்பது என்றால் ஒரு மாதம் என்று நான் நினைத்துக்கொண்டேன்; மாதம் முடியும்வரை பெட்டி தீரக்கூடாது என்று அம்மா இரவு மருந்தைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார். எட்டு மாதம் பாதி மருந்தில் ஓடியிருக்கிறது என்பது அவசரப் பிரிவு வாசலில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது மருத்துவர்கள் சிஓபிடி என்று எழுதுவது, மருந்தால் முற்றிலும் மாறிவிடுவதில்லை. மருந்து மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கிறது, திடீரென்று நோய் முற்றி மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலையைக் குறைக்கிறது. நடுவில் அறுந்துபோனால் அந்தப் பலனும் அறுந்துபோகும். எந்த மருந்து, எந்த அளவு என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. அவர் எழுதிக் கொடுத்த மருந்து மாதம் முழுவதும், சரியான முறையில், உள்ளே போய்ச் சேருவதற்கு வீட்டார் செய்ய வேண்டியதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நோயின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

எங்கள் பக்கம் மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் 'வீசிங்' என்றே பெயர். ஆஸ்துமாவும் வீசிங், பீடி பிடித்த நுரையீரலும் வீசிங், இதய பலவீனத்தால் வரும் இரைப்பும் வீசிங். ஆனால் மருந்துகள் ஒன்றல்ல. சிஓபிடிக்குத் தனியாகக் கொடுக்கக்கூடிய சில நீண்ட நேர மூச்சுக்குழாய் விரிப்பான்களை ஆஸ்துமாக்காரருக்கு ஸ்டீராய்டு இழுப்பு மருந்து இல்லாமல் தனியாகக் கொடுப்பது ஆபத்து. ஆகவே ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையைச் செய்து, நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குவதே முதல் வேலை.

இந்தப் பரிசோதனைக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நெஞ்சக நோய்ப் பிரிவைக் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சமாகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடாது. அன்று காலை பம்பு, அதாவது மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர், எடுக்கலாமா கூடாதா என்று முந்தைய முறையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகத்தில், குறைந்தது ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும்; பிறகு மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அந்த இரண்டாவது ஊதலில், முதல் விநாடியில் வெளியேறும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று கணக்கு. அண்மையில் மாரடைப்போ கண் அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

'பீடியே தொடாதவருக்கு இது எப்படி வரும்?' என்று உறவினர்கள் எங்களைக் கேட்காத நாளில்லை. நாற்பது ஆண்டு விறகடுப்பு, ஆண்டுதோறும் புளி தட்டும் வேலை, பட்டுப்புழு மனையில் தெளிக்கும் மருந்தின் நெடி ஆகியவை ஒரு பெண்ணின் நுரையீரலைக் கெடுக்கப் போதும். கிரானைட் குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் இருந்தவர்கள் அந்த வேலையை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்தூசியால் வரும் நோய் வேறு வகைப்பட்டது, அதையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

2. ஒரே கோப்பு, ஒரே பை

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வாங்கி, அதில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஸ்பைரோமெட்ரி அறிக்கை, மார்பு எக்ஸ்ரே, ஓ.பி. சீட்டுகள், முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், காப்பீட்டு அட்டை. கூடவே ஒரு தாளில் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள். கடைப்பெயர் மட்டும் போதாது; மருந்தின் மூலப்பெயர், மைக்ரோகிராம் அளவு, ஒரு வேளைக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்ற நான்கும் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் சொட்டு மருந்து எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. கண் மருத்துவருக்கு இரைப்பு தெரியாது, நெஞ்சக மருத்துவருக்குக் கண் தெரியாது, நடுவில் இருக்கும் அந்தத் தாள்தான் இருவருக்கும் சொல்லும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் பனிக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். காசைவிட, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அது நகர்வதற்கு ஆகும் நாட்களைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். நோயாளி கட்டிலில் கிடக்கும்போது சான்றுக்காக அலைவது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது. மாதாமாதம் கடையில் வாங்கும் பம்புக்கு அதில் காசு வராது. அதேபோல, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதாலோ என்னவோ, எல்லா மருந்தும் வீட்டுக்கே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் வீடு தேடி வருவது முக்கியமாகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் இரைப்பு நோயாளி இருப்பதைச் சொல்லி வைப்பது நல்லதுதான். ஆனால் பம்புக்கு நீங்களே போக வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

3. எந்தப் பம்பு எதற்கு என்று நிறம் கட்டுங்கள்

பெரும்பாலும் இரண்டு வகை மருந்து எழுதிக் கொடுப்பார்கள். ஒன்று சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரணி. சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடும், மூச்சுத் திணறும்போது மட்டும் எடுப்பது. மற்றொன்று தினசரி மருந்து. டயோட்ரோபியம் நாளுக்கு ஒரு வேளை, ஃபார்மோட்டராலும் புடசோனைடும் சேர்ந்தது வழக்கமாக நாளுக்கு இரு வேளை. இதை மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும்.

தினசரி மருந்து விட்டுப்போவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நிவாரணியின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, தினசரி மருந்தின் பலன் தெரிவதில்லை. என் அம்மா தினசரி மருந்துக்கு 'வேலை செய்யாத பம்பு' என்றே பெயர் வைத்திருந்தார். ஆகவே காசு குறையும் மாதத்தில் முதலில் நின்றது அதுதான். இரண்டும் உருவத்தில் ஒன்றுபோல இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர் மாற்றி எடுத்துவிடுவார். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறுவதால் அதை நம்பாமல், தினசரிப் பம்பில் மஞ்சள் நூலையும் நிவாரணியில் சிவப்பு நூலையும் நீங்களே கட்டிவிடுங்கள். மஞ்சள் நூல் பல் துலக்கும் இடத்தில், சிவப்பு நூல் இடுப்புச் சுருக்குப் பையில் என்று எங்கள் வீட்டில் இடமும் பிரித்துவிட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 200 முறை அழுத்தக்கூடிய நிவாரணிப் பம்பு ஒரே மாதத்தில் தீர்ந்தால், நாளுக்கு ஆறேழு முறை அழுத்தியிருக்கிறார் என்று பொருள். தினசரி மருந்து போகவில்லை, அல்லது போதவில்லை. அந்த மாதம் புதுப் பம்பு வாங்குவதோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

4. இழுக்கும் முறையை மருத்துவமனையிலேயே செய்து காட்டுங்கள்

மருந்தை வாங்கியாயிற்று, நேரத்துக்கு எடுக்கிறார், ஆனாலும் இரைப்பு குறையவில்லை என்றால் பெரும்பாலும் மருந்து தொண்டையோடு நின்றுபோகிறது. இதையும் நான் மருந்து விட்டுப்போன கணக்கில்தான் சேர்ப்பேன்.

வாயு நிரப்பிய பம்புக்கும் பொடி நிரப்பிய கேப்சூலுக்கும் இழுக்கும் விதம் நேர் எதிர் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்தி, தொடர்ந்து மெதுவாக நெஞ்சு நிறைய இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடியும் குலுக்க வேண்டும். பொடிக் கருவியிலோ வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கேப்சூல் உள்ளே படபடவென்று அதிர்வது கேட்க வேண்டும். இழுத்த பிறகு திறந்து பார்த்துப் பொடி மீதி இருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதக்கூடாது, ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். கேப்சூல் விழுங்குவதற்கு அல்ல. இதைச் சிரிப்பாக எண்ணாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் அதை மாத்திரை என்று தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார், அவர் மகள் ஊரிலிருந்து வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நோய் முற்றியவர்களுக்குப் பொடியை இழுக்கும் வேகம் இருக்காது. அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. கேப்சூலை மாற்றி, பம்பும் ஸ்பேசரும் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பேசர் என்பது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை. அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்ய முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. எங்களுக்கு முந்நூறு ரூபாய்ச் சொச்சம் ஆனது, மாதாமாதம் வாங்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து குடுவைச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீராய்டு கலந்த மருந்தானால், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். செய்யாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரும், களியும் குழம்பும் தொண்டையில் எரியும். எரிச்சலுக்குப் பயந்து நோயாளி மருந்தையே நிறுத்துவார். கேப்சூலை அடுப்புப் பக்கத்திலும் குளியலறையிலும் வைக்காதீர்கள், மருந்தை இழுக்கும் நேரத்தில்தான் உறையிலிருந்து பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் செவிலியர் முன்னால் நோயாளியே ஒருமுறை இழுத்துக் காட்டட்டும். 'தெரியும், தெரியும்' என்று அம்மா மூன்று முறை தட்டிக்கழித்தார். நான்காவது முறை காட்டியபோது பம்பு தலைகீழாக இருந்தது.

5. மாதக் கணக்கைப் போடுங்கள்

மருந்து வாங்கிய அன்றே, அது தீரும் தேதியைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். கணக்கு எளிது: உள்ளே இருக்கும் எண்ணிக்கையை ஒரு நாள் தேவையால் வகுக்க வேண்டும். முப்பது கேப்சூல், நாளுக்கு இரண்டு என்றால் பதினைந்து நாள். 120 அழுத்தல் கொண்ட பம்பு, காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் முப்பது நாள். தீரும் தேதிக்கு ஏழு நாள் முன்பாக நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள், அதுதான் வாங்கும் நாள். மீதி எத்தனை அழுத்தல் என்று எண் காட்டும் பம்பாகப் பார்த்து வாங்கினால் நல்லது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் பீறிடும், நோயாளி அதையே இழுத்துக்கொண்டிருப்பார்.

வாங்கும் இடங்களில் முதலில் அரசு மருத்துவமனை. பம்பும் கேப்சூலும் இருப்பில் உள்ள நாளில் இலவசமாகவே கிடைக்கும். காலையில் சீக்கிரம் போய், ஓ.பி. சீட்டோடு பழைய பெட்டியையும் காட்டி, எத்தனை நாளைக்குத் தருகிறார்கள் என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து ஓடும் தடமாக இருந்தால் பயணச் செலவும் இல்லை. இருப்பில் இல்லையென்றால் அடுத்து முதல்வர் மருந்தகம் (2025 பிப்ரவரி 24 முதல் மாநிலமெங்கும் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது), பிரதமரின் மக்கள் மருந்தகம், கூட்டுறவு மருந்தகம். அங்கும் எல்லா நாளும் எல்லா மருந்தும் இருக்காது; அதற்காகவே அந்த ஏழு நாள் இடைவெளி. கடைசியாகத்தான் தனியார் மெடிக்கல்.

நாங்கள் தனியாரில் வாங்கிய மாதங்களில் தினசரிப் பம்புக்கு நானூறு ரூபாய்க்கு மேலும், நிவாரணிக்கு நூற்றைம்பது ரூபாயைச் சுற்றியும் ஆனது. நிவாரணி இரண்டு மூன்று மாதம் வரும். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அட்டையில் அச்சிட்டதைப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு அம்மா மருந்தைப் பாதியாக்கியதைப் போல, எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. சொன்னால் அவர் விலை குறைந்த மாற்றை எழுதுவார். சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுவார்.

கடையில் மூன்று இடத்தில் ஏமாறலாம். அளவு மாறிவிடும்: 200 எழுதியிருக்க 400 கொடுப்பார்கள், அல்லது மறுதலையாக. வடிவம் மாறிவிடும்: இழுக்கும் கேப்சூல் கேட்டால், மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் இயந்திரத்துக்கான, அதே பெயருள்ள திரவக் குப்பியைத் தருவார்கள். கருவி பொருந்தாது: ஒரு கம்பெனியின் கேப்சூல் மற்றொரு கம்பெனியின் கருவியில் சரியாக உட்காராமல் போகலாம். எங்களுக்கு ஒரு கடையில் இரண்டாவது தவறு நடந்தது. பெட்டியைப் பிரிக்காமல் ரசீதோடு கொண்டுபோனதால் மாற்றிக் கொடுத்தார்கள்.

6. மருந்தை வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

கைப்பேசியில் அலாரம் வைக்கச் சொல்லிப் பலரும் அறிவுரை சொல்வார்கள். எங்கள் வீட்டில் அலாரம் ஓசூரில் வேலை பார்க்கும் என் சட்டைப் பையில் அடித்தது. அம்மா பாலக்கோட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிபட்டது பல் துலக்குவதோடு சேர்த்த முறைதான். காலையில் துலக்குவதற்கு முன் மருந்து, பிறகு துலக்கிக் கொப்பளித்தால் வாய் கழுவும் வேலையும் முடிந்துவிடும். இரவில் சாப்பிட்டுக் கை கழுவும் முன் மருந்து, அப்புறம் கொப்பளிப்பு. நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் முன் அதில் இரண்டு கோடு. கோடில்லாத தாள்களைக் கிழித்துப் போடாமல் ஆணியில் குத்தி வைக்கச் சொன்னேன், மாதக் கடைசியில் எத்தனை சேர்ந்தது என்று பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தபோது கோடில்லாத தாள்கள் எங்கும் பரவிக் கிடக்கவில்லை, கொத்தாக இருந்தன. பட்டுப்புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும் வாரம், இரவும் பகலும் தழை போடும் வாரம், முழுவதும் விட்டுப்போயிருந்தது. திருவிழா, கல்யாணம், மகள் வீட்டுப் பயணம் என்று மற்றவையும் அப்படியே. உங்கள் வீட்டிலும் எந்த வாரம் என்று கண்டுபிடித்தால், அந்த வாரத்துக்கு மட்டும் ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்கக்கூடாது, வழக்கமான அளவோடு தொடர வேண்டும்.

கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். 'மருந்து எடுத்தாயா அம்மா?' என்றால் 'எடுத்தேன்' என்றுதான் பதில் வரும். 'இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?' என்று கேட்டால், விட்டுப்போவது வழக்கம்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிறது, உண்மை வெளியே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சராசரியாகப் பாதிப் பேர்தான் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று சொல்கிறது. உங்கள் வீட்டில் தவறினால் அதற்காக யாரையும் திட்ட வேண்டியதில்லை.

7. காதில் விழும் பேச்சுகள்

'பம்பு வைத்தால் பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது' என்பது எங்கள் ஊரில் அதிகம் கேட்கும் சொல். பம்பு போதைப் பொருள் அல்ல. நோய் தொடர்வதால் மருந்தும் தொடர்கிறது. மாத்திரையைவிடப் பம்பில் மருந்தின் அளவு மிகக் குறைவு, நேராக நுரையீரலுக்குப் போவதால் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவுவதும் குறைவு.

இதற்கு நேர்மாறாக, ஊசிக்கு யாரும் பயப்படுவதில்லை. இரைப்பு வந்ததும் ஓர் ஊசி, நான்கு நாள் மாத்திரைப் பொட்டலம், உடனே சுகம். அம்மாவுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தது என்பது, சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரிந்தது. நோய் முற்றும்போது சில நாட்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை தருவது முறையான சிகிச்சையே. பெயர் தெரியாத பொட்டலமாக, மாதாமாதம் வாங்குவதுதான் எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். அட்டை இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயந்து நிறுத்த மாட்டார்கள். சால்பியூட்டமாலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சற்று நேரத்தில் தணியும். டயோட்ரோபியத்தில் வாய் உலரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் தடைபடலாம், அப்படியானால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர், வேறு நோய்க்குச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். இரத்தத்தில் தியோஃபிலின் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம்.

வெட்கமும் ஒரு காரணம். கல்யாண மண்டபத்தில் பம்பை எடுத்தால் காசநோய் என்று பேசுவார்கள் என்று அம்மா கழிப்பறையில் போய் இழுத்தார். பேத்தி ஒருத்தி எல்லார் முன்னாலும் 'ஆயா, பம்பு' என்று கையில் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அது மறைந்தது.

8. பனிக்கு முன் செய்ய வேண்டியவை

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கம் கார்த்திகையிலேயே பனி இறங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஃப்ளூ தடுப்பூசியை அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. நிமோனியாத் தடுப்பூசியைப் பற்றியும் அதே நாளில் கேளுங்கள். இவற்றைத் தனியாரில் காசு கொடுத்துப் போட நேரிடலாம், அதற்கென்று இரண்டு மாதம் முன்பே ஒதுக்கி வையுங்கள். புளி தட்டும் நாட்களிலும் கேழ்வரகு தூற்றும் நாட்களிலும் நோயாளியைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். பட்டுப்புழு மனையில் கிருமிநாசினி தெளிக்கும் வேலை வேறொருவருடையது. பீடி பிடிப்பவர் அதை நிறுத்தாமல் பம்பை மட்டும் இழுத்தால் நோய் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

9. எப்போது காத்திருக்கக்கூடாது

மூச்சு வழக்கத்தைவிடக் கூடுதலாக இரைப்பது, சளி கூடுவது, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, இவற்றில் இரண்டு சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் என்ன மருந்தைக் கூட்டலாம் என்பதைப் போன முறையே எழுதி வாங்கியிருந்தால் அந்தத் தாள் இப்போது பயன்படும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், பிதற்றினால், எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால், நிவாரணிக்கும் அடங்காவிட்டால், 108.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் மருந்துதான். வழக்கமாக நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்வார்கள், திணறும்போது மட்டும் வைப்பதால் பலன் கிடைக்காது. இந்த நோயாளிகளில் பலருக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும் என்றே மருத்துவர்கள் குறிவைக்கிறார்கள். 98 காட்டட்டும் என்று நீங்களாகக் குழாயைத் திறந்துவிட்டால், உடலில் கரியமில வாயு தேங்கி நினைவு தப்பலாம். இயந்திரம் ஓடும் அறையில் தீயெரியும் விளக்கும் பீடியும் அடுப்பும் கூடாது.

108 வண்டியில் ஏறும்போது அந்தக் கோப்பையும், இரண்டு பம்புகளையும், ஸ்பேசரையும், காலிப் பெட்டிகளையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டிகளைக் குப்பையில் போடாமல் அடுத்த சந்திப்பு வரை சேர்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு எத்தனை பெட்டி என்று மருத்துவர் எண்ணட்டும்.